மூன்று சுழி

கறுப்பு வண்டி என்றால் பெயின்டருக்கு ஆகாது. வெள்ளையில் வேலைக் குறை தெரியாது. சாம்பல் நிறத்தில் பாதிதான் தெரியும். கறுப்பில் ஒரு முடி விழுந்திருந்தாலும், வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியவுடன் தெருவே பார்த்துவிடும். கறுப்பு வண்டி ஷெட்டுக்குள் வந்த நாளில் அவன் காலையிலிருந்தே யாரிடமும் முகம்கொடுத்துப் பேசமாட்டான். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவான். மின்விசிறியை நிறுத்துவான். ஈ வந்து உட்கார்ந்தால் அதன் வம்சத்தையே திட்டுவான்.

பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசையாகக் கடைகள். டிங்கர், ரேடியேட்டர், பேட்டரி, சீட்டுக்கு உறை தைக்கிறவர், கடைசியில் பெயின்டரின் ஷெட். இருட்டும்வரை தகரத்தில் சுத்தியல் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். வீட்டுக்குப் போயும் அதே தொண்டைதான். சண்டை போடுகிறார்களா, குழம்பு கேட்கிறார்களா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

பெயின்டரின் வீடு ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. சோற்றைத் திறந்தால் தின்னர் வாடைதான் முதலில் வரும். அந்த அறையில் நான்கு பேர். பெயின்டர், அவன் மனைவி, அவர்களுடைய ஆறு வயதுப் பெண், மனைவியின் தம்பி. மனைவி சட்டைக் கம்பெனியில் காஜா எடுக்கிறவள். பட்டன் துளை எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி. ஒன்று கோணினால் சூப்பர்வைசர் கட்டோடு தூக்கி முகத்தில் எறிவான். தம்பி பெயின்டரிடமே வேலை செய்தான். வண்டியில் நசுங்கிய இடங்களுக்குப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. அதனால் எல்லோருக்கும் அவன் பட்டி. குழந்தைக்கு உடம்பு ஈர்க்குச்சி, தலை மட்டும் பெரிசு. குண்டூசி என்று பட்டிதான் கூப்பிட ஆரம்பித்தான். வருகைப் பதிவு எடுக்கும் டீச்சரைத் தவிர எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

குண்டூசி நன்றாகப் படிப்பாள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர், பெயின்ட் டப்பாவில் இருக்கும் எச்சரிக்கை, எதையும் விடமாட்டாள். எழுதச் சொன்னால்தான் வராது. பென்சிலைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிப்பாள். முனை ஒடியும், தாள் கிழியும். மூணு சுழி 'ண' எழுதச் சொன்னால் சுழி நிற்காது. நான்கு, ஐந்து என்று தாளின் ஓரம்வரை போய் மேஜையிலும் இறங்கும். டீச்சர் தாயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். வருஷ முடிவில் பெரிய டீச்சர் எதிரில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மறுபடியும் சின்னப் பிள்ளைகளோடுதான்.

காஜாக்காரி அதைக் கேட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து வீட்டில் சாயங்காலம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. வேலை விட்டு வந்து முகம்கூடக் கழுவமாட்டாள். பாயை விரித்து, குழந்தையை உட்காரவைத்து, பக்கத்தில் இரும்பு ஸ்கேலோடு உட்கார்ந்துவிடுவாள். கோணலான எழுத்து ஒவ்வொன்றுக்கும் விரல் முட்டியில் ஒன்று. அவளுக்கு எழுத்தும் பட்டன் துளையும் ஒன்றுதான். குறை இருந்தால் யாராவது எறிவார்கள். வெளியாள் எறிவதற்குமுன் தான் எறிந்துவிட வேண்டும்.

"எத்தனை சுழி?"

"மூணு."

"இது எத்தனை?"

குழந்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு" என்றாள்.

"எண்ணத் தெரியுதுல்ல. அப்புறம் என்னடி கை மட்டும் ஓடுது?"

ஒரு நாள் சூப்பர்வைசர் எறிந்த கட்டின் பட்டன் அவள் கண்ணோரம் கீறியிருந்தது. அன்று குழந்தை எழுதியது ஆறு சுழி. காஜாக்காரி ஸ்கேலைப் படுக்கையாகப் பிடிக்கவில்லை, விளிம்பைத் திருப்பிப் பிடித்தாள். தாளில் ஊன்றியிருந்த சுண்டுவிரலில் அது இறங்கியது. சத்தம் சின்னதுதான், பிஸ்கட் ஒடிந்ததுபோல. குழந்தை முதலில் அழவில்லை. விரலைப் பார்த்தாள். அது ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பிறகுதான் வாய் திறந்தது.

ஆஸ்பத்திரியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். டாக்டர் நம்பவில்லை. இப்படிச் சொல்கிறவர்களை அவர் தினமும் பார்க்கிறவர்போலும், ஒன்றும் கேட்காமல் கட்டுப்போட்டார். கட்டு பிரிக்கும்வரை அந்தக் கையில் எதையும் பிடிக்கக்கூடாது என்றார்.

திரும்பி வந்ததும் பெயின்டர் மனைவியை ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்ரஸர் ஹோஸால் அடித்தான். தடித்த ரப்பர். முதுகில் பட்ட இடமெல்லாம் பட்டையாக எழும்பியது. டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று பார்த்தார். பேட்டரிக்காரர் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தார். குழந்தைமேல் பிரியம் பொங்கி அடித்தானென்று யாரும் நினைக்கவில்லை. அந்த வீட்டில் அடிப்பது அவனுடைய வேலை, அதில் இவள் கைவைத்துவிட்டாள் என்பதுபோல்தான் அடித்தான். தடுக்கப் போன பட்டியின் உதடு கிழிந்தது. அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஹோஸின் மறுமுனையைக் கம்ப்ரஸரிலிருந்து கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். அடிக்க ஒன்றும் இல்லாமல் பெயின்டர் மூச்சுவாங்கி நின்றான்.

"அக்கா, கட்டு பிரிக்கற வரைக்கும் இவ எங்கிட்ட" என்றான் பட்டி. "நீ பக்கத்துல வராத. அத்தான், நீங்களும்தான்."

பள்ளிக்கூடம் விட்டதும் குண்டூசி நேராக ஷெட்டுக்கு வந்தாள். பட்டிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் எண்ணமெல்லாம் முதலில் இல்லை. கண்ணெதிரில் இருந்தால் அடிவாங்கமாட்டாள், அவ்வளவுதான். பழைய டயர் மூன்றைத் தரையில் வரிசையாகப் போட்டு உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. டயர்களைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். முதல் டயரைச் சுற்றி, இரண்டாவதைச் சுற்றி, மூன்றாவதையும் சுற்றிவிட்டு நிற்கத் தெரியாமல் சுவரில் போய் முட்டிக்கொண்டாள்.

பட்டி உப்புத்தாளைக் கீழே வைத்தான். மூன்றாவது டயரைத் தாண்டிய இடத்தில் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தான். மூணு முடிஞ்சா இந்தச் சுவர்ல இறங்கிடணும், இல்லன்னா ஆக்ஸிடென்ட் என்றான். அன்று அவள் பத்துப் பதினைந்து தடவை ஆக்ஸிடென்ட் ஆனாள். ஒவ்வொரு தடவையும் பட்டி வாயாலேயே ஆம்புலன்ஸ் வந்தான். கடைசியில் ஒரு தடவை மூன்று டயரையும் சுற்றி, தகரத்தோரமாகக் கீழே இறங்கி நின்றாள். ஒரு முழு 'ண'வை அவள் உடம்பாலேயே எழுதி முடித்திருந்தாள். பட்டி அதைச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று தெரியும்.

அதற்குப் பிறகு ஷெட்டில் இருந்ததெல்லாம் எழுத்தாயிற்று. எல் சாவி 'ட'. வண்டிக்கு அடியில் இறங்கி வேலைபார்க்கும் பள்ளம் 'ப'. மூன்று போல்ட்டை வைத்தால் 'ஃ'. கம்ப்ரஸர் ஹோஸை வளைத்து 'இ' செய்வார்கள், காற்றைத் திறந்தால் 'இ' துள்ளி எழுந்து 'உ' ஆகிவிடும். அவளைத் துரத்தும். வெயிலில் நின்ற வண்டியின் பானெட்டில் ஈரவிரலால் எழுதுவார்கள். எழுத்து காய்ந்து மறைவதற்குள் அடுத்ததை எழுதிவிட வேண்டும். வெயில் ஜெயித்தால் பட்டி ஒரு காலில் நிற்க வேண்டும், குண்டூசி ஜெயித்தாலும் பட்டிதான் நிற்க வேண்டும்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது கறுப்புத் தூள். பிரைமர் என்கிற சாம்பல் அடிப்பூச்சு முடிந்த வண்டியின்மேல் கரித்தூள்போல ஒன்றைத் தடவுவார்கள். தேய்க்கும்போது பள்ளமான இடத்தில் தூள் தங்கி நிற்கும், மேடு எது பள்ளம் எது என்று தெரியும். தூள் தடவிய வண்டி முழுக்க அவளுடைய சிலேட்டு. இடது கையால், முழங்கையை நீட்டி, ஸ்டூலில் ஏறி, கூரையிலிருந்து சக்கரம்வரை எழுதுவாள். ஒரு எழுத்து அவள் உயரம் இருக்கும். எழுதி முடித்ததும் பட்டி பின்னாலேயே தேய்த்துக்கொண்டு போவான். எழுத்து அழிய அழிய வேலையும் முடியும்.

பெயின்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வேலை கெடாதவரை அவனுக்கு ஒன்றுமில்லை. ஒரு தடவை காஜாக்காரி சீக்கிரம் வந்துவிட்டாள். வேனின் பக்கவாட்டில் குழந்தை வரிசையாக எழுதிக்கொண்டு போவதை வாசலிலேயே நின்று பார்த்தாள். பென்சில்ல எழுதுவாளா பாரு, கூத்தடிக்கறீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் அன்றிரவு குழந்தையின் தட்டில் முட்டை இரண்டாக இருந்தது.

கட்டைப் பிரித்த வாரத்தில் குண்டூசி பென்சிலைப் பிடித்தாள். விரல் கொஞ்சம் வளைந்தேதான் கூடியிருந்தது. எழுத்து அழகாக ஒன்றும் வரவில்லை. ஆனால் சுழி மூன்றோடு நின்றது. டீச்சர் பக்கத்தின் அடியில் ஒரு டிக் போட்டாள், குண்டூசிக்கு அதுவே முதல் டிக்.

அப்போதுதான் லாரிக்காரரின் வண்டி வந்தது. லாரிகள் வைத்து ஓட்டுகிறவர் அவர். அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் குடிப்பார்கள். அவர் சொந்தமாக ஓட்டும் கறுப்பு வண்டி யார் சுவரிலோ உரசி, ஒரு பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. ஒரு நாளைக் குறித்து, அன்று சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். அவர் குறித்தால் அதற்குமேல் பேச்சில்லை.

அந்த வாரம் பட்டி குழந்தைக்கு ஒரு புது வித்தை காட்டியிருந்தான். பழைய கதவு ஒன்றில் மெழுகுவத்தித் துண்டால் எழுதினால் ஒன்றும் தெரியாது. மேலே தூளை ஊதினால் மெழுகில் ஒட்டிக்கொண்டு எழுத்து எழும்பி வரும். பேய் எழுத்து என்று பெயர் வைத்தாள். மெழுகுத்துண்டை ஜேபியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

லாரிக்காரரின் வண்டியைப் பட்டி தேய்த்து முடித்து, தின்னர் போட்டுத் துடைத்து, கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டிவிட்டுத் தேநீர் வாங்கப் போனான். பெயின்டர் பின்னால் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தான். குழந்தை டிரைவர் பக்கத்துக் கதவில் மெழுகால் மூன்று 'ண' எழுதினாள். மாமா வந்ததும் தூள் ஊதி அவனை அசத்த வேண்டும் என்பது திட்டம். அதற்குள், ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டிலிருந்த அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். ஆறு வயதுக்குச் சோறு முன்னால் வந்தால் பேய் மறந்துபோகும்.

பெயின்டர் பெயின்ட் தூவும் கன்னை எடுத்தான். கூரை, பானெட், பின்பக்கம் எல்லாம் சரியாகப் படிந்தது. டிரைவர் கதவில் பெயின்ட் விழுந்ததும் விலகியது. மெழுகு இருக்கும் இடத்தில் பெயின்ட் நிற்காது, எண்ணெய்மேல் தண்ணீர்போல ஓடி ஒதுங்கும். கறுப்புக்குள் சாம்பலாக ஒரு சுழி தெரிந்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக. பெயின்டருக்கு யார் எழுத்து என்று உடனே தெரிந்தது. செய்ய வேண்டியதும் தெரியும். நிறுத்தி, காயவைத்து, தகரம்வரை சுரண்டி, பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆனால் லாரிக்காரரின் டிரைவர் ஏற்கெனவே வாசலில் டிரம்மின்மேல் வந்து உட்கார்ந்திருந்தான். தூண் என்பார்கள் அவனை. கழுத்தும் தலையும் ஒரே அகலம்.

பெயின்டர் கன்னில் பெயின்டைக் குறைத்துக் காற்றைக் கூட்டினான். தூரத்தில் நின்று பனிபோலத் தூவினான். தூவினது ஈரமில்லாமல் போய் உட்காரும், மெழுகுமேலும் உட்காரும். காயக் காய மறுபடி தூவினான். சுழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பாலிஷ் போட்டதும் கண்ணாடி மாதிரி ஆயிற்று. பட்டியிடமோ வீட்டிலோ அவன் வாயே திறக்கவில்லை. தூண் சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

மூடினது நிற்கவில்லை. அடுத்த வாரம் வெயில் கொளுத்தியது. தார்ச்சாலை செருப்பில் ஒட்டியது. லாரி ஷெட்டில் தூண் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி வண்டியைக் கழுவியபோது, டிரைவர் கதவிலிருந்து பெயின்ட் பட்டைபட்டையாக உதிர்ந்தது. எழுத்தின் கோட்டில் மட்டும் உதிர்ந்தது. கதவில் மூன்று 'ண' பளிச்சென்று நின்றது. லாரி ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி பள்ளிக்கூடம் சேர்ந்துட்டார் என்று எவனோ சொன்னான். சொன்னவனுக்குப் பல் போயிற்று என்று பிறகு தெரிந்தது.

வண்டி மத்தியானம் ஷெட்டின் முன்னால் வந்து நின்றது. லாரிக்காரர் இறங்கிக் கதவைச் சாத்தாமல் அப்படியே விட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அந்த வரிசையில் கத்தாமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான், அதனால் சுத்தியல்கள் தாமாக நின்றன.

"இத யாரு எழுதினது?"

குண்டூசிக்கு அன்று பள்ளிக்கூடம் பாதிநாள். அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவிலிருந்த வாசலில், கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். பெயின்டர் அவளைப் பார்த்தான். பிறகு பட்டியைப் பார்த்தான்.

"இவன்தாங்க. பட்டி பூசற பையன். சொன்னா கேக்கமாட்டான்."

பட்டி அப்போதுதான் கதவைப் பார்த்தான். பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. பெயின்டர் முகத்தை ஒரு முறை பார்த்தான். அது அவனைப் பார்க்காமல் வேறு எங்கோ இருந்தது.

"ஆமாங்க. நான்தான்" என்றான்.

"எதுக்குப்பா?"

"சும்மா. கை சும்மா இருக்கல."

"சரி. அப்ப கையத்தான கேக்கணும்" என்றார் லாரிக்காரர். தூணைப் பார்த்துத் தலையசைத்தார்.

பட்டி ஓடப் பார்க்கவில்லை. ஓடினால் அடுத்த கேள்வி வாசலில் நிற்பவளிடம் போகும். தூண் அவன் வலது கையைப் பிடித்து, திறந்திருந்த கதவின் சந்தில் வைத்து, இடுப்பால் மோதிக் கதவைச் சாத்தினான். கதவு சாத்திக்கொள்ளவில்லை. விரல்கள் நடுவில் இருந்தன. பட்டியின் வாயிலிருந்து வந்தது கத்தலாக இல்லை, காற்று போகும் டியூப்போல ஒரு சத்தம். தூண் கதவைத் திறந்து, கையைச் சரியாக வைத்து, இன்னொரு தடவை சாத்தினான். இந்தத் தடவை பூட்டு விழுந்தது. பட்டியின் கை உள்ளேயும் பட்டி வெளியேயுமாக முழங்காலில் தொங்கினான். கறுப்புக் கதவில் ரத்தம் வழிந்தது தெரியவில்லை, கீழே சிமென்ட்டில் சொட்டியபோதுதான் தெரிந்தது.

சொம்பு விழுந்து உருண்டது. யாரும் திரும்பவில்லை.

பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள். லாரிக்காரர் சாவியைப் பெயின்டரின் சட்டைப் பையில் போட்டார். சனிக்கிழமை ஆள் வரும், புதுசா அடிச்சு வை என்று சொல்லிவிட்டு, ரேடியேட்டர்காரர் கூப்பிட்டுக் கொடுத்த ஆட்டோவில் ஏறிப் போனார். டிங்கர்தான் பட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு மடங்காது என்றார்கள்.

காஜாக்காரிக்கு ஆள் போய்ச் சொல்லி அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, இருட்டும் நேரத்தில் வந்தாள். கையில் மத்தியானச் சாப்பாடு தொடாத டிபன் கேரியர். பெயின்டர் கதவைத் தகரம்வரை சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் கேட்காமலே அவன் பேச ஆரம்பித்தான். தப்பு தன்மேல் இல்லை என்றான். அப்பவே பாத்தேன், தூவி மூடினேன், நாலு கோட்டு தூவினேன், நிக்கும்னுதான் நெனச்சேன், எந்த மடையன் இந்த வெயில்ல தண்ணி பீச்சுவான் என்றான். தொழில் நியாயம் பேசினான். பேசி முடித்தபோதுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்து நிமிர்ந்தான்.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவள். அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "தெரிஞ்சு அனுப்பிட்டு, எந்தம்பியக் கை காட்டின."

"பின்ன? பிள்ளையக் காட்டச் சொல்றியா?"

"உன்னக் காட்டியிருக்கலாமே."

டிபன் கேரியரை ஓங்கி முகத்தில் அடித்தாள். புருவம் பிளந்தது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தபோது பிடரியில் அடித்தாள். விழுந்தபிறகும் அடித்தாள். அடுக்குகள் கழன்று சோறும் குழம்பும் தேய்த்த கதவின்மேல் சிதறின. ரேடியேட்டர்காரர் வந்து அவளைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. ஹோஸ் ஆணியில்தான் தொங்கியது. பெயின்டர் அதன் பக்கம் கையை நீட்டவில்லை.

அன்றிலிருந்து குண்டூசி எழுதவில்லை. எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பென்சிலைக் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொள்வாள். டயர்களுக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பட்டி கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்காட்டி, இங்க பாரு, பாக்ஸிங் கிளவுஸ், இதுல என்ன எழுத்து வரும் சொல்லு என்றான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பட்டி அதற்குமேல் முயலவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்கினான்.

டீச்சர் மறுபடி ஆள் அனுப்பினாள். திங்கட்கிழமை பெரிய டீச்சர் பார்க்கப் போகிறார். ஒரு பக்கம்கூட வேண்டாம், பாதியாவது எழுதட்டும். காஜாக்காரி கும்பிட்டுவிட்டு வந்தாள். அவளுக்கும் வழி தெரியவில்லை. அடிக்கவும் கை வரவில்லை, கொஞ்சவும் அவளுக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே வேலை கொண்டுவந்திருந்தாள். சட்டையின் முன்பட்டைகளைத் தரையில் பரப்பி, துளை வரும் இடங்களில் தையல்காரச் சுண்ணாம்பால் குறி போடும் வேலை. வெளியே மேகம் மூடிப் புழுங்கியது. ஒரு கட்டு முடிந்து அடுத்ததை எடுக்கும் நடுவில், எதையோ நினைத்துக்கொண்டு, சிமென்ட் தரையில் சுண்ணாம்பால் கிறுக்கினாள். கிறுக்கியது ஒரு 'இ'. கீழேயிருந்து ஆரம்பித்து மேலே கொண்டுபோனாள். அவள் எப்போதும் அப்படித்தான் எழுதுவாள், யாரும் திருத்தியதில்லை.

"அது தப்பு" என்றாள் குழந்தை, சுவரோரத்திலிருந்து. எத்தனையோ நாள் கழித்து வந்த குரல். "மேலருந்துதான் வரணும்."

"எனக்கு இப்படித்தான் வரும்."

குழந்தை எழுந்து வந்து, குனிந்து, தாயின் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். பட்டென்று கேட்டது. காஜாக்காரியின் கை தானாக மேலே எழுந்தது. குழந்தை கண்ணை இறுக மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஓங்கிய கை அங்கேயே நின்றது. காஜாக்காரி அதைப் பார்த்தாள். பிறகு இறக்கி, விரல்களை விரித்து, தரையில் வைத்தாள்.

"தப்புதான். அடி" என்றாள்.

குழந்தை கண்ணைத் திறந்தாள். நம்பவில்லை. கொஞ்ச நேரம் தாயின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த சீப்பை எடுத்துவந்து, பல்லில்லாத பக்கத்தால் விரல் முட்டியில் அடித்தாள். விளையாட்டுக்கு அடிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

"எழுது."

காஜாக்காரி எழுதினாள். மறுபடி கீழேயிருந்து. வேண்டுமென்று எழுதினாளா, பழக்கத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியாது. அடி விழுந்தது. "எத்தனை தடவை சொல்றது? கண்ணு எங்க இருக்கு? எழுது." குரல் அச்சு அசலாகக் காஜாக்காரியின் குரல். அதைத் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டாள். முட்டிகள் சிவந்தன. ஒரு முட்டியில் தோல் உரிந்து ஈரம் கண்டது. கண்ணில் தண்ணீர் வந்தபோதும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியல டீச்சர். எழுதிக் காட்டுங்க" என்றாள்.

குழந்தை சீப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மூச்சு வாங்கியது. பிறகு சீப்பை இடது கைக்கு மாற்றி, வளைந்த சுண்டுவிரலோடு சுண்ணாம்பை எடுத்தாள். மண்டிபோட்டு, முழங்கையை நீட்டி, தரையில் பெரிதாக ஒரு 'இ' இழுத்தாள். சட்டைப் பட்டையின்மேல் ஏறியும் இழுத்தாள். பக்கத்தில் இன்னொன்று. காஜாக்காரி சட்டையை நகர்த்தவில்லை.

"இப்படி. புரிஞ்சுதா?"

"புரியல டீச்சர். அடுத்ததும் காட்டுங்க."

"மக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த எழுத்துக்குப் போனாள். அதற்கடுத்தது. பாயைச் சுருட்டித் தள்ளிவிட்டு எழுதினாள். கட்டிலில் படுத்திருந்த பட்டி முழித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் பார்த்தபடி கிடந்தான். நடுநடுவே தாய் எழுத வேண்டும், தப்பு வந்தால் அடி. தப்பு வந்துகொண்டே இருந்தது.

ஷெட்டிலிருந்து பெயின்டர் கை துடைத்துக்கொண்டு வந்தான். புருவத்தில் தையல். அறை வாசலில் நின்று, தரை முழுக்கக் கிடந்த எழுத்தைப் பார்த்தான். பாழான சட்டைகளைப் பார்த்தான். மனைவியின் வீங்கிய கையையும் குழந்தையின் கையிலிருந்த சீப்பையும் பார்த்தான். என்ன நடக்குது இங்க என்று ஒரு காலை உள்ளே வைத்தான்.

காஜாக்காரி நிமிரவில்லை. சுண்ணாம்பைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"கிளாஸ் நடக்குது. வெளிய நில்லு."

அவன் காலை எடுத்துக்கொண்டான்.